தொட்டால் அடங்குகிறது, விட்டால் இரைகிறது: வீட்டில் கிட்டார் பழக ஒதுக்கிய மூலையில் ஒரு சிக்கல்

கொருக்குப்பேட்டைவாசி:
வணக்கம். எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டிய சந்தில், முதல் மாடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலடி இடத்தை வீட்டில் மல்லுக்கட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு ஸ்டூல், 10 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), செகண்ட் ஹேண்டில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் (கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் மூன்று, மூன்றும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில்). ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் உட்கார முடியும்.

ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். கம்பிகளைத் தொட்டால் அடங்குகிறது, கையை எடுத்தால் மறுபடியும் வருகிறது. ஃபேனைக் குறைத்து வைத்தால் அதோடு ஒரு 'ஸ்ர்ர்' சேருகிறது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் பிக்கப்பை மாற்றச் சொல்கிறார். மாமனாரோ எல்லாம் ரயில் கரன்ட்டால் வருகிறது என்கிறார். யாரை நம்புவது?

ஆறுகம்பி:
மாமனார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ரயில் பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். ஆனால் ரயில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி இரைகிறது என்றால் முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் அதைப் பிடிக்கத்தான் செய்யும். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் பார்க்கும்போது குறைந்தால் அது பிக்கப்பின் குணம். பிக்கப் சுவிட்சை 2 அல்லது 4-இல் வைத்துப் பாருங்கள், அங்கே இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும். நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருந்தால் பெரும்பகுதி போய்விடும்.

'ஸ்ர்ர்' சத்தம் ஃபேன் ரெகுலேட்டர். பொத்தானைத் திருகினால் வேகம் வழுக்கிக்கொண்டே மாறும் எலக்ட்ரானிக் வகைதானே?

கொருக்குப்பேட்டைவாசி:
அதேதான். ஜன்னல் பக்கம் திரும்பினால் கொஞ்சம் குறைகிறது, முழுசாகப் போகவில்லை. 2, 4-லும் அப்படியே.

இரவுராகம்:
ஆம்ப் பிளக்கின் பெரிய பின்னைக் கழற்றிவிடுங்கள் தலைவா. எனக்கு அப்படித்தான் ஹம் போச்சு.

பழைய வயர்மேன்:
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெரிய பின்தான் எர்த். உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது.

தம்பி, ஒன்று கேட்கிறேன். ராத்திரி வெறுங்காலோடு தரையில் நின்று கம்பியைத் தொட்டால் சுருக்கென்று ஏதாவது தெரிகிறதா? டெஸ்டரைக் கம்பியில் வைத்தால் எரிகிறதா? ஆம்பை எந்த பிளக் பாயின்ட்டில் போட்டிருக்கிறீர்கள்?

கொருக்குப்பேட்டைவாசி:
அண்ணே, விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். புதுசாகப் பழகுவதால் விரல் மரத்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டெஸ்டர் வைத்தேன், மங்கலாக எரிகிறது. இந்த மூலையில் பழைய டூ பின் பாயின்ட்தான், ஆம்பின் த்ரீ பின் பிளக்குக்குக் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுகிறேன்.

பழைய வயர்மேன்:
இன்றைக்கு வாசிக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்புக்கு எர்த் இல்லை. அதன் பாடியில் கசியும் கரன்ட் கேபிளின் உறை வழியாகக் கம்பிக்கு வருகிறது. நீங்கள் தொட்டதும் உங்கள் உடம்பு வழியே தரைக்கு இறங்குகிறது, இரைச்சலும் குறைகிறது. அந்த வீட்டில் எர்த் ஒயர் நீங்கள்தான்.

த்ரீ பின் பாயின்ட் இருந்தாலே எர்த் உண்டு என்றும் நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் கிடைத்த பிறகும், தொட்டால் குறையும் ஒரு சின்ன ஹம் மிஞ்சலாம். அதில் ஆபத்து இல்லை. கிட்டாருக்குள் காப்பர் டேப் ஒட்டினால் தணியும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

இரவுராகம்:
மன்னிக்கணும். நானும் பின்னைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

கொருக்குப்பேட்டைவாசி:
பத்து நாள் கழித்து வருகிறேன். வீட்டுக்காரர் முதலில் முனகினார், டெஸ்டர் எரிவதைக் காட்டியதும் பேச்சில்லை. கீழே எர்த் பைப்பைச் சுற்றி மண் காய்ந்து கிடந்தது. தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூலை வரைக்கும் புது ஒயர் இழுத்தாயிற்று. ஆர்சிசிபியும் போட்டாயிற்று. எறும்பு ஊர்வது நின்றது, பெரிய இரைச்சலும் போய்விட்டது. படிப்படியாக மாறும் கெபாசிட்டர் ரெகுலேட்டர் போட்டதில் 'ஸ்ர்ர்' சத்தமும் இல்லை. பிக்கப்பைத் தொடவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கம்பி மூன்றே வாரத்தில் துருப்பிடிக்கிறது. அப்புறம், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

உப்புக்காற்று:
முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்காது, ஹெட்போன் போடுங்கள். துருவுக்கு, நான் கடலோரக் காசிமேட்டில் செய்வது: வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடிவிடுவேன். மேலே பூச்சு கொடுத்த கோட்டட் கம்பி விலை கூட, ஆனால் நம் காற்றுக்குத் தாங்கும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் கிட்டாரை மாட்டாதீர்கள்.

கொருக்குப்பேட்டைவாசி:
ஹெட்போனுக்கு மாறிவிட்டேன். கீழ் வீட்டு அக்காவுக்குக் கிட்டார் சத்தமே கேட்பதில்லையாம். நான் தாளம் போடுகிற கால்தான் கேட்கிறதாம்.

பழைய வயர்மேன்:
கோணியை நாலாக மடித்துக் காலுக்கடியில் போடுங்கள் தம்பி.