உதவி: பிரெட், கேக், தக்காளி பாட்டிலிங் எல்லாத்துக்கும் ஒரே ஸ்டாண்ட் மிக்சர், எது எடுக்கலாம்? (மதுரை)

திருமங்கலத்தான்
அவசரம். வீட்டுக்கு ஸ்டாண்ட் மிக்சர் (மிக்ஸி இல்ல, பாத்திரத்துல மாவு பிசைஞ்சு, கேக் கலவை அடிக்கிற மெஷின்) எடுக்கணும். பிரெட், கேக் போட, அப்புறம் தக்காளி, மாம்பழ சீசன்ல கூழ் எடுத்து பாட்டில்ல அடைக்க. 1500 வாட் போதுமா? எது நல்ல கம்பெனி? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்.

அடுப்படி_அக்கா
ஒரு ஈட்டுக்கு எவ்வளவு மாவு தம்பி? மைதாவா, கோதுமையா? தக்காளி எத்தனை கிலோ? பட்ஜெட்? அதென்ன வெள்ளிக்கிழமை கணக்கு?

காயில்கட்டி
வாட்டைப் பார்த்து வாங்காதீங்க. பெட்டியில போட்டிருக்கிறது மோட்டார் இழுக்கிற கரண்டு. மாவுக்குப் போய்ச் சேர்ற விசை வேற. மேசை கிரைண்டர் 150 வாட்டுல கிலோக்கணக்கா ஊறின அரிசியை ஆட்டலையா? வேகத்தைக் குறைச்சு விசையைக் கூட்டுற அமைப்புதான் முக்கியம்.

கடையில மெஷினைக் கவுத்து, அடித்தகட்டுல "கேபி" (KB, ஒரே மூச்சுல ஓட்டக்கூடிய நேரம்) எத்தனை நிமிஷம்னு பாருங்க. 10 நிமிஷம்னா அதுக்கு மேல நிறுத்தாம ஓட்டக்கூடாது, ஆறவிட்டுத்தான் அடுத்த ஈடு. கியர் எல்லாம் நைலானா இருந்தா வேணாம். ஒரே ஒரு கியர் மட்டும் நைலான்னா அது குறை இல்ல. மாவு இறுகி நின்னுட்டா அந்தக் கியர் போகும், மோட்டார் தப்பிக்கும். அந்தக் கியரும், மோட்டார்ல தேயிற கார்பன் பிரஷ்ஷும் மதுரையிலயே கிடைக்குமான்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டுப் பணத்தைக் கொடுங்க.

வைகைக்கரை
எதுக்கு இவ்வளவு செலவு? கிரைண்டருக்கு மாவு பிசையிற கலக்கி வருதே, அதை மாட்டினா ஆச்சு.

தராசு
வாராவாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடுறீங்க. தேடல் பெட்டி என்ன அலங்காரத்துக்கா வச்சிருக்கு? "எது நல்ல கம்பெனி"ன்னா பதில் கிடையாது. மாவு எடையைச் சொன்னா பாத்திர அளவு சொல்லலாம்.

பொதுவா 5 லிட்டர் பாத்திரத்துல 500 கிராம் மைதா, 325 மில்லி தண்ணி நிம்மதியா ஓடும். "1.5 கிலோ மாவு பிசையும்"னு பெட்டியில போட்டிருந்தா அதுல பாதியை நம்புங்க. பரோட்டா மாவு மாதிரி தண்ணி கம்மியான கெட்டி மாவுக்கு இன்னும் குறைக்கணும். பிசையிறது 1 அல்லது 2-ஆம் வேகத்துல மட்டும். "சீக்கிரம் முடியட்டும்"னு 5-க்குத் தள்ளுறவங்கதான் பிறகு இங்க வந்து புகை வருதுன்னு எழுதுறாங்க. 7 லிட்டர் பெருமைக்கு வாங்கினா 2 முட்டை வெள்ளைக்கரு விஸ்க்குக்கு எட்டாது.

அடுப்படி_அக்கா
@வைகைக்கரை கலக்கி சப்பாத்தி மாவுக்குச் சரி. பிரெட் மாவை கிள்ளி விரிச்சா கிழியாம, வெளிச்சம் தெரியிற அளவுக்கு மெல்லிசா விரியணும்; அதுக்கு மாவை இழுத்து மடிக்கணும். கலக்கி அதைச் செய்யாது. வெண்ணெய்-சர்க்கரை அடிக்கவும் ஆகாது.

இன்னொண்ணு, நம்ம ஊர் சித்திரை, வைகாசி வெக்கையில மெஷின் உராய்வே மாவைச் சூடாக்கிடும். பிசைஞ்சு முடிக்கிறப்ப 26 டிகிரிக்கு மேல போகக்கூடாது. ஐஸ் தண்ணி ஊத்துங்க, மைதாவையும் முன்னாடியே ஃபிரிட்ஜ்ல வைங்க.

திருமங்கலத்தான்
மைதா 500 கிராம், எப்பவாவது 1 கிலோ. தக்காளி 10 கிலோ. பட்ஜெட் 25 ஆயிரம். மச்சான் வெள்ளிக்கிழமை அமெரிக்காவுல இருந்து கிளம்புறார். கிச்சன்எய்ட் கம்பெனி மிக்சர் அங்க விலை கம்மியாம், எடுத்துட்டு வரச் சொல்லட்டா?

காயில்கட்டி
சரியாப் போச்சு! இதைத்தானய்யா முதல் வரியில எழுதணும்.

அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம பிளக்ல நேரடியாச் செருகினா அன்னைக்கே முடிஞ்சுது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் இறக்கும், 50 ஹெர்ட்ஸ் அப்படியே வரும். 325 வாட் மாடலுக்குக் குறைஞ்சது 750 விஏ திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், செம்புச் சுருளோட வேணும். பயணத்துக்கு விக்கிற கையடக்க கன்வர்ட்டர் ஆகாது. அங்க வாங்கினதுக்கு இங்க வாரண்டி கிடையாது. மெஷினே 11 கிலோவுக்கு மேல, 23 கிலோ பெட்டியில பாதி போயிடும். வேணாம்.

சாயங்காலம் உங்க வீட்டுல வோல்டேஜ் எவ்வளவுன்னும் மீட்டர் வச்சுப் பாருங்க. 190-க்குக் கீழ இறங்கினா அந்த நேரத்துல மாவு பிசையாதீங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்லயும் ஓட்டாதீங்க, மோட்டார் உறுமிக்கிட்டே சூடாகும்.

அடுப்படி_அக்கா
தம்பி, மிக்சர் பாட்டிலிங்குக்குச் செய்யிற உதவி ஒண்ணே ஒண்ணுதான்: முன்பக்கம் ஸ்ட்ரெய்னர் மாட்டினா தோலும் விதையும் ஒரு பக்கம், கூழ் ஒரு பக்கமா வரும். 25 ஆயிரத்துக்குள்ள பல மெஷின்ல அந்த வசதியே இருக்காது. மிக்ஸியில அடிச்சா விதை உடைஞ்சு கசக்கும், காத்தும் ஏறி நுரைக்கும். மாம்பழ நார் திருகுல சுத்திக்கும், அதுக்குச் சல்லடைதான்.

வடிகட்டின தக்காளிச் சாறைக் கொதிக்க வச்சு, அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு, மேல அரை இஞ்ச் இடம் விட்டு மூடி, பாட்டில் முழுகுற கொதி தண்ணியில 35 நிமிஷம். 1 லிட்டர்னா அரை டீஸ்பூன், 40 நிமிஷம். சிட்ரிக் கீழமாசி வீதி மளிகையில கிடைக்கும். மூடி புதுசா வேணும்; பழைய மூடியில ரப்பர் வளையம் அமுங்கியிருக்கும், காத்து புகும்.

வைகைக்கரை
நாட்டுத் தக்காளியே புளிப்பு, அதுக்கு எதுக்கு சிட்ரிக்? குக்கர்ல 4 விசில் விட்டா எந்தக் கிருமியும் சாகும்.

தராசு
நாக்கு பிஎச் மீட்டர் (புளிப்பு அளக்குற கருவி) இல்ல. தக்காளி நல்லாப் பழுத்தா புளிப்பு குறைஞ்சு பிஎச் 4.6-ஐத் தாண்டலாம், காத்துப் புகாத பாட்டில்ல பாட்டுலினம் கிருமியோட விஷம் உருவாக அது போதும். வீட்டுக் குக்கர் சட்டுனு சூடேறி சட்டுனு ஆறிடும். ஆவி அழுத்தத்துல பாட்டிலிங் பண்ற நேரக் கணக்கெல்லாம் மெதுவா ஏறி இறங்குற பெரிய பிரஷர் கேனருக்குப் போட்டது. உங்க 4 விசிலை எந்த அட்டவணையில பார்த்தீங்க?

வைகைக்கரை
அப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலாமே. ஊரே தொக்கு போட்டு வைக்குது, யாருக்கு என்ன ஆச்சு?

அடுப்படி_அக்கா
பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அதான் அளந்து போடச் சொல்றது. தொக்கு கணக்கு வேறண்ணே. தண்ணி வத்த வதக்கி, உப்பும் புளியும் கூடப் போட்டுச் செய்யிறது. இந்தச் சாறுல வெங்காயம், பூண்டு, எண்ணெய் சேர்த்தா நான் சொன்ன 35 நிமிஷம் செல்லாது.

சித்திரைத்தேர்
மெஷின் எதுவானாலும் வந்ததும் ஒரு சோதனை: காலிப் பாத்திரத்துல 1 ரூபாய்க் காசு போட்டு, தட்டையான பீட்டர் மாட்டி, மெதுவான வேகத்துல ஓட்டுங்க. பீட்டர் சுத்தி வர்றப்ப காசை லேசாத் தள்ளணும். காசு அசையலைன்னா அடியில மாவு கலக்காம நிக்கும். பீட்டர் பாத்திரத்துல உரசினா கீறும். உயரத்தைச் சரிபண்ண கழுத்துல ஸ்குரூ இருக்கிற மாடலா பாருங்க. தலையைப் பூட்டிட்டு ஆட்டியும் பாருங்க, கடகடன்னா அந்தப் பீஸ் வேணாம்.

திருமங்கலத்தான்
நன்றி. மிக்சர் இங்கயே 5 லிட்டர்ல பார்த்துக்கிறேன். மச்சான்கிட்ட ஸ்ட்ரெய்னர் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லியாச்சு.

அடுப்படி_அக்கா
எந்த ஸ்ட்ரெய்னர் தம்பி? கையால சுத்துறதா, கிச்சன்எய்ட்ல மாட்டுறதா? பின்னதுன்னா நீங்க இங்க வாங்குற மெஷின்ல பொருந்தாது. 10 கிலோவுக்குக் கைச் சுத்தே போதும்.

காயில்கட்டி
@திருமங்கலத்தான் பதில் சொல்லுங்க, இன்னைக்கு வியாழன்.