பின்னால் குழந்தை உட்கார்ந்தால் சைக்கிள் ஆடுகிறது: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி:
எங்கள் வீட்டில் ஒரே சைக்கிள்தான். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ்; திரும்பும்போது மளிகை, காய்கறி. கியர் வைத்த ஹைப்ரிட், டயர் 35 மி.மீ. அகலம். கேரியர் மேல் குழந்தை இருக்கை மாட்டியிருக்கிறேன். தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. மகளை (16 கிலோ) உட்காரவைத்து, ஆபீஸ் பையையும் இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டால், மெதுவாகப் போகும்போது பின்பக்கம் அப்படியே ஆடுகிறது. வேறு சைக்கிள்தான் வாங்க வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1:
வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்தப் பையைக் கழற்றுங்கள். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 25. குழந்தை 16, இருக்கை ஒரு 4 என்றாலே 20 வந்துவிட்டது. மேலும், பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். அதனால் ஹேண்டிலும் அலைபாயும். பையை முதுகில் மாட்டினால் குழந்தையின் முகத்தில் இடிக்கும். முன்பக்கம் ஒரு சின்ன கேரியர் போட்டு அதில் வையுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள், குழந்தையை ஏற்றாமல். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில், அதாவது ஹேண்டில் தண்டு ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில், 'டக்' என்றால் அங்கே கோன் (பேரிங்கைப் பிடித்திருக்கும் பகுதி) லூஸ். அப்புறம் பின் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசைந்தால் அச்சில் கோளாறு. ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கக் கூடாது. பின் டயரில் முன்னதைவிடக் காற்று அதிகம் வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். கேரியரின் கீழ் போல்ட் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். பின் வீலும் கோட்டம் எடுத்தாயிற்று, பையும் முன்னால் போய்விட்டது. ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது, மிக்க நன்றி. ஆனால் ஏறி இறங்குவதுதான் பெரும்பாடு. பின்னால் இருக்கை இருப்பதால் காலைச் சுழற்றிப் போட முடியவில்லை. சைடு ஸ்டாண்டை நம்பவும் பயமாக இருக்கிறது.

பதில் 3:
சைக்கிளை மாற்ற இது சரியான காரணம். கியர் எத்தனை என்று பார்த்து வாங்காதீர்கள். குறுக்குக் குழாய் தாழ்ந்த ஃப்ரேம், இரண்டு கால் வைத்த அகலமான ஸ்டாண்டு, 50 மி.மீ. அளவில் டயர்: இவை மூன்றும் இருக்கட்டும். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே மேடுபள்ளம் அவ்வளவாகத் தெரியாது. முன்னால் சஸ்பென்ஷன் வீண் எடை.

இன்னொன்று. பின் இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான். உங்கள் மகள் அதை எட்ட அதிக காலம் ஆகாது. அதனால் பின்பக்கம் நீண்ட, 20 அங்குலப் பின்சக்கரம் வைத்த லாங்டெயில் வகையை ஓட்டிப் பாருங்கள். சக்கரம் சின்னது என்பதால் சுமை தாழ்ந்து உட்காரும், ஓட்டுபவருக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. அவள் வளர்ந்த பிறகு இருக்கையை எடுத்துவிட்டு மெத்தையும் கைப்பிடியும் போடலாம், மளிகைப் பையும் ஏறும். ஆனால் நீளமும் எடையும் அதிகம். மாடிப்படியில் தூக்கிப் போகிற வீடு என்றால் இது வேண்டாம். கடையில் வெறும் சைக்கிளை ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள், பின்னால் ஒரு மூட்டையைக் கட்டி ஓட்டிப் பாருங்கள்.

பதில் 4:
அதுவரை: மற்ற சுமையெல்லாம் ஏற்றியபின் கடைசியில் குழந்தையை ஏற்றுங்கள், இறக்கும்போது அவளை முதலில் இறக்குங்கள். எந்த ஸ்டாண்டானாலும் அவள் மேலே இருக்கும்போது கையை எடுக்கக் கூடாது. உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் இன்றே உறை போட்டு மூடுங்கள், பின்னால் உட்காரும் பிள்ளைகளின் விரல் அங்கேதான் போகும்.