கேமரன் மலைக்கு நாங்கள் இருவர் மட்டும்: எந்தப் பாதையில் இறங்கலாம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஆள். கல்யாணமாகி 12 வருடம். தேனிலவுக்கே போயிருக்க வேண்டியது, அப்போது கையில் காசில்லை. இப்போது பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரியோடு இரண்டு நாள் காரில் போகலாம் என்று ஆசை.

ஏறுவது சிம்பாங் பூலாய் வழியாக. அந்தச் சாலை அகலம், கவலையில்லை. இறங்கும்போது தாப்பா பழைய பாதையில் வந்தால் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கொஞ்ச நேரம் உட்காரலாம். ஆனால் அந்த வளைவுகள்! ஒருமுறை குடும்பத்தோடு போனபோது, ரிங்லெட் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இவள் ஒரு கையில் கோடாலித் தைலம், மறு கையில் பிளாஸ்டிக் பை, வாயில் 'அசாம் போய்' என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம். இதில் காதல் எங்கே வரும்? நானும் வழி நெடுக பிரேக்கை மிதித்து, கடைசியில் கருகிய வாடை. ஆட்டோ கியர் மைவி காரில் 'எல்' (சிறிய கியர்) போட்டு இறங்கினால் போதுமா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், மலைமேல் இரவு தங்குவதற்கு எந்த ஊர் நல்லது, தானா ராத்தாவா, பிரிஞ்சாங்கா? சனிக்கிழமை கீ பார்ம் சந்தை நெரிசலில் மாட்ட மனமில்லை, வார நாளில்தான் போகிறோம். காலைப் பனியில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து உளறிவிடாதீர்கள்.