புதுப்பிப்பு: பினாங்கு மண்டபத்தின் எதிர்முழக்கப் பதிவு

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய மண்டபத்தில் பலூனை வெடித்துப் பதிவு செய்த எதிர்முழக்கத்தை (ஒலி மண்டபத்தில் எதிரொலித்து அடங்கும் விதத்தை) மிருதங்கப் பதிவின் மேல் ஏற்றினால் தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தின்) கார்வை மெலிந்துவிடுகிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததற்கு ஏறும் ஒலியை ஒலித்துப் பதியும் ஸ்வீப் முறையைப் பரிந்துரைத்தவரின் யோசனையே பலித்தது. பலூன் வெடிப்பில் தாழ்ந்த அதிர்வெண்களின் ஆற்றல் குறைவு. 40 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மடக்கை முறையில் ஏறும் சைன் ஒலியோ தாழ்ந்த பகுதியில் நெடுநேரம் தங்குவதால், பதிவை அந்த ஸ்வீப்பின் தலைகீழ் வடிகட்டியோடு கன்வல்யூஷன் செய்து (கணக்கிட்டு இணைத்து) ஒரே துடிப்பாகச் சுருக்கியபோது கார்வை முழுமையாகக் கிடைத்தது. ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்செலோ ஃபரினா 2000இல் விளக்கிய இம்முறையின் அழகு, ஒலிபெருக்கியின் ஹார்மோனிக் சிதைவுகள் (அது தானாகச் சேர்க்கும் மடங்கு அதிர்வெண்கள்) முதன்மைத் துடிப்புக்கு முன்னால் தனியே விழுவதுதான். அவற்றை அப்படியே வெட்டிவிடலாம்.

எதிர்பாராத சிக்கல்கள் இரண்டு. இரைச்சலைக் குறைக்கப் பத்துக் குறுகிய ஸ்வீப்புகளைச் சராசரி எடுத்தபோது, மின்விசிறிகள் அசைத்த காற்றினால் உயர்ந்த அதிர்வெண்கள் மங்கின; விசிறிகளை நிறுத்திவிட்டு 30 நொடி நீளும் ஒரே ஸ்வீப்பை ஒலித்ததும் அது சரியாயிற்று. நீளத்தை இரட்டித்தால் இரைச்சலுக்கு மேல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடுகிறது. மேலும், கைப்பேசியில் ஒலித்துத் தனி ரெக்கார்டரில் பதிந்தபோது, இரண்டின் உள் கடிகாரங்களும் (ஒலியை மாதிரி எடுக்கும் வேகங்களும்) சற்றே விலகியதால் துடிப்பு இழுபட்டுக் கலங்கியது. ஒரே ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கையும் ஒலிபெருக்கியையும் கணினியோடு இணைக்கும் கருவி) வழியாக ஒலித்துப் பதிந்தபின் அக்குறை முற்றிலும் நீங்கியது.