குடியிருக்கும் பூர்வீக வீட்டை நீதிமன்றமே விற்கச் சொல்லலாமா?

மணிமாறன்:
எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வழக்கு இது. தந்தை உயில் எழுதாமல் காலமானார். தாய் முன்பே மறைந்துவிட்டார். அண்ணன், தம்பி, இரண்டு சகோதரிகள். ஆளுக்குக் கால் பங்கு. பாகப்பிரிவினை வழக்கில் சகோதரிகள் இருவரும் வீட்டை விற்றுப் பணமாகத் தருமாறு கேட்க, அங்கேயே குடியிருக்கும் அண்ணன் ஆட்சேபணை மட்டும் தாக்கல் செய்திருக்கிறார். ஒருவர் வாழும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவது அநியாயம் என்பேன்.

கோதை:
அந்த மனையின் முகப்பு 20 அடி என்று நீதிமன்றம் நியமித்த ஆணையரின் அறிக்கை சொல்கிறது. நீளவாக்கில் நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 5 அடி. மாடிப்படி ஒருவர் பங்கிலும் ஆழ்துளைக் கிணறு வேறொருவர் பங்கிலும் விழும். இத்தகைய சொத்துக்காகவே 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், பிரிப்பது பொருத்தமில்லாதபோது, பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்குள்ளோர் கேட்டால், விற்பதே அனைவருக்கும் அதிக நன்மை என்று கருதும் நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிடலாம் என்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடும்பம் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாதிருந்தது. 2005இல் அது நீக்கப்பட்டது. இப்போது "அண்ணன் குடியிருக்கிறார்" என்ற காரணம் அதே வேலையைச் செய்கிறது.

மணிமாறன்:
வழக்கில் சிக்கிய வீடு என்றாலே வாங்க வருவோர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். நட்டம் சகோதரிகளுக்கும்தானே?

செந்தில்வேலன்:
இருவருமே பாகப்பிரிவினைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை விட்டுவிட்டீர்கள். விற்பனை கோரியவர்களின் பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாக மற்றொரு பங்குதாரர் மனுச் செய்தால், நீதிமன்றம் மதிப்பிட்டு அந்த விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும். அப்படி மனு வந்தபின், வழக்கையே திரும்பப் பெற்று அந்த உரிமையை முறியடிக்க முடியாதென்று 1972இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஏலம்வரை போனாலும், நீதிமன்றம் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். பங்குதாரர் ஏலம் கேட்டுத் தம் பங்கைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளவும் அனுமதிக்கலாம்.

மணிமாறன்:
ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர் பாதி வீட்டின் விலைக்கு எங்கே போவார்? வழக்கு நிலுவையில் உள்ள சொத்தின் மீது வங்கியில் கடன் கிடைப்பதும் எளிதல்ல. பணமுள்ளவருக்கே பயன்படும் உரிமை இது.

கோதை:
அவருடைய வருமானம் குறைவு என்பதற்காகச் சகோதரிகள் தங்கள் பாதியைக் காலமெல்லாம் வாடகையின்றி விட்டுவைக்க வேண்டுமா? தவணை கேட்கலாம், தம்பியோடு சேர்ந்து வாங்க மனுச் செய்யலாம், சமரசத்துக்கும் வரலாம். இவற்றில் எதையும் செய்யாமல் ஆட்சேபணை மட்டும் தாக்கல் செய்தவர், விற்பனையைத் தடுக்க நினைக்கிறாரா, பாகப்பிரிவினையையே தள்ளிப்போட நினைக்கிறாரா?