‘வைப்பு நீக்கம்’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வங்கிப் போர் (Bank War; இரண்டாம் அமெரிக்க வங்கியை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் ஜாக்சன் நடத்திய அரசியல் பூசல்) பற்றிய சொற்பட்டியலில், அவ்வங்கியில் அரசுப் பணம் வைப்பதை நிறுத்திய 1833ஆம் ஆண்டு நடவடிக்கைக்கு (removal of deposits) நண்பர் ‘வைப்பு நீக்கம்’ என்று முன்மொழிந்திருக்கிறார். ஆங்கிலச் சொல்லுக்கு அது நேரானதே. ஆயினும் நடந்த செயலை அது பிழையாகக் காட்டுவதால் என்னால் ஏற்க இயலவில்லை.

இரண்டாம் அமெரிக்க வங்கிக்கு 1816இல் இருபது ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட பட்டயத்தை (charter; இயங்குவதற்கான சட்ட உரிமம்) புதுப்பிக்கும் சட்டவரைவை 1832 ஜூலை 10 அன்று மறுத்துத் திருப்பி அனுப்பிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், அவ்வாண்டுத் தேர்தலில் ஹென்றி கிளேயை வென்றபின், பட்டயக் காலம் முடியும்வரை காத்திராமல் அரசுப் பணத்தை அவ்வங்கியிடமிருந்து பிரிக்க முற்பட்டார். 1833 அக்டோபர் முதல் புதிய வருவாய் மாநில வங்கிகளுக்குச் சென்றது. பழைய இருப்பு பெரும்பாலும் அரசின் செலவுகளுக்காக எடுக்கப்பட்டுப் படிப்படியாகக் கரைந்தது. ‘நீக்கம்’ என்று எழுதினால் பணம் முழுவதும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதாகவே மாணவர் எண்ணுவர்.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. வைப்புகளை மாற்றும் அதிகாரத்தை 1816ஆம் ஆண்டுச் சட்டம் கருவூலச் செயலரிடமே அளித்து, அதற்கான காரணத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தெரிவிக்குமாறு அவரைப் பணித்திருந்தது. அப்பொறுப்பிலிருந்த வில்லியம் டுவேன் உடன்பட மறுக்கவே, ஜாக்சன் அவரைப் பதவிநீக்கம் செய்து ரோஜர் டானியை அமர்த்தினார். செயலாட்சியின் (executive) வரம்பு பற்றிய பூசல் இங்குதான் முற்றியது. 1834 மார்ச்சில் செனட் ஜாக்சனுக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியதும், 1837இல் அதே அவை அப்பதிவைச் சுற்றிக் கருங்கோடு வரைந்து இரத்தாக்கியதும் இதன் தொடர்ச்சியே. வைப்பு, செயலர், அவைப்பதிவு ஆகிய மூன்றுக்கும் ‘நீக்கம்’ என்றே எழுதினால், எந்தச் செயல் எந்த அதிகாரத்தின்கீழ் நடந்தது என்ற வேறுபாடு மறைந்துவிடும்.

ஆகவே ‘அரசு வைப்பு விலக்கல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘விலக்கு’ என்று சுருக்கினால் வரிவிலக்கைப் போலச் சலுகைப் பொருள் வந்துவிடும் என்பதால் ‘விலக்கல்’ என்ற தொழிற்பெயரே ஏற்றது. செயலருக்குப் ‘பதவிநீக்கம்’ இருக்கட்டும். அவைக்குறிப்புக்குப் ‘பதிவு இரத்து’ போதும்.

பணம் பெற்ற மாநில வங்கிகளுக்குப் பட்டியலில் உள்ள ‘சலுகை வங்கிகள்’ (pet banks) என்பதையும் மாற்ற வேண்டும். அது எதிரணியினர் வைத்த ஏளனப் பெயர் என்பது தெரியும்படி ‘செல்லப்பிள்ளை வங்கிகள்’ என்று எழுதலாம்.