மறு: எல்லைத் தரவுத்தளங்களுக்கு ‘ஒத்தியங்குதிறன்’ பொருந்துமா?

வணக்கம்.

> இன்டர்ஆப்பரபிலிட்டிக்கு ‘ஒத்தியங்குதிறன்’ என்று சொல் இருக்கும்போது ஐரோப்பியச் சட்டத்துக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு ஐயா?

ஒரு மென்பொருளில் எழுதிய கோப்பை இன்னொன்று திறக்குமா என்பதற்கு ஒத்தியங்குதிறன் பொருத்தமான சொல்தான். 2019 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 817, 818 எண் ஒழுங்குமுறைகள் செய்வது வேறு. விசா, நுழைவு-வெளியேற்றம், பயண முன்னனுமதி, புகலிடக் கைரேகை, வெளிநாட்டவர் குற்றப்பதிவு ஆகிய ஐந்து அமைப்புகளிலிருந்தும் அடையாள விவரங்கள் ஒரே பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். கூடவே பொதுத் தேடல் வாயில், கைரேகை, முகம் போன்றவற்றை ஒப்பிடும் பொது உயிரளவை ஒப்பீட்டுச் சேவை, ஒரே ஆள் பல அடையாளங்களில் பதிவாகியிருக்கிறாரா என்று பார்க்கும் பல்லடையாளக் கண்டறிவி. இத்தனையும் புதிதாகக் கட்டிவிட்டு ‘திறன்’ என்று பெயர் வைப்பது சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தைத் தமிழிலும் நாமே செய்துகொடுக்க வேண்டுமா?

புகலிடம் கேட்டவரின் கைரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு அவருடைய விண்ணப்பத்தை விசாரிப்பது என்று முடிவு செய்யத்தான் 2003இல் யூரோடாக் என்ற கைரேகைத் தரவுத்தளம் தொடங்கியது. 2019 ஒழுங்குமுறைகளின்படி, அவர் தெருவில் ஆவணமின்றி நின்றால், அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கும் பட்சத்தில், அவர் யார் என்று அறியக் காவலர் பொதுக் களஞ்சியத்தில் தேடலாம். கொடுத்த நோக்கம் ஒன்று, பயன்படும் நோக்கம் வேறு. 2024ஆம் ஆண்டின் புதிய யூரோடாக் சட்டம் கைரேகை எடுக்கும் வயதைப் பதினான்கிலிருந்து ஆறாக இறக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல்லடையாளக் கண்டறிவி நம்மவரை நேராகத் தொடும். கைரேகை ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருந்தால் அது அந்தப் பதிவுகளுக்கு இடையே மஞ்சள் இணைப்புப் போடும், அதாவது சரிபார்க்க வேண்டியவை என்று குறிக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பெயரில் தந்தை பெயர் ஓரிடத்தில் குடும்பப்பெயராகவும் இன்னோரிடத்தில் முதற்பெயராகவும் பதிவாவது நாம் அறிந்ததே. ழகரத்தை ரோமன் எழுத்தில் எழுதுவதில் நமக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதிகாரி கையால் சரிபார்த்து, முறையான காரணம் உண்டென்றால் வெள்ளை, மோசடி என்றால் சிவப்பு என்று மாற்றுவார். திருத்தக் கோரலாம், பதிலுக்கு 45 நாள் கெடு. கோரத் தெரிந்தவருக்கு அது சரி.

ஆகவே என் பரிந்துரை ‘தரவுப் பிணைப்பு’. பிணை என்ற வேர் கட்டுவதையும் காட்டுகிறது, கட்டுண்டு நிற்பதையும் காட்டுகிறது.

—

> என் பரிந்துரை ‘தரவுப் பிணைப்பு’.

ஐயா, கருத்தோடு உடன்படுகிறேன், சொல்லோடு பாதிதான். சட்டத்தின் பெயரை மொழிபெயர்க்கும்போது அவர்கள் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒத்தியங்குதிறன் இருக்கட்டும். அதன் விளைவை நாம் விவரிக்கும் இடத்தில் பிணைப்பு வரட்டும். வேதியியலார் அச்சொல்லை முன்பே எடுத்துக்கொண்டதால் ‘தரவுத்தளப் பிணைப்பு’ என்று முழுதாக எழுதிவிடலாம். மஞ்சள் இணைப்பை மட்டும் ‘ஐயக்குறி’ என்று மாற்றினால் என்ன? விண்ணப்பதாரருக்கு வாசித்துக் காட்டும்போது அதுதான் சட்டென்று புரியும்.